மேடைப் பேச்சும் ஒப்பந்தத் தாளும்



திரையுலகமும் சமூகப் பொறுப்பும் என்று பொதுவாக ஒரு தலைப்பைக் கொடுத்து, மற்றது உங்கள் விருப்பம் என்று சொல்லிவிட்டார்கள். நான் கொஞ்சம் கணக்குப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். யார் எவ்வளவு வாங்கினார், யாருக்காக யார் எதை விட்டுக்கொடுத்தார் என்ற கணக்கு. எடுத்துக்கொண்ட ஊர் ஹாலிவுட். அங்கேதான் சமத்துவத்தைப் பற்றி அதிகம் பேசுகிறார்கள். அங்கேதான் சம்பள விவரமும் அவ்வப்போது வெளியே கசிகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அதைவிட வசதியான இடம் இல்லை.

2017 அக்டோபர் கடைசியில் நடிகர் கெவின் ஸ்பேசி மீது பாலியல் குற்றச்சாட்டு எழுந்தது. அவர் நடித்து முடித்த ‘ஆல் தி மணி இன் தி வேர்ல்ட்’ கிறிஸ்துமஸ் வெளியீட்டுக்குத் தயாராக இருந்தது. இயக்குநர் ரிட்லி ஸ்காட் ஒரு துணிச்சலான முடிவு எடுத்தார். ஸ்பேசி வரும் காட்சிகளை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, கிறிஸ்டோபர் பிளம்மரை வைத்து மறுபடியும் எடுத்தார். படம் சொன்ன மாதத்திலேயே திரைக்கு வந்தது. பிளம்மருக்கு எண்பத்தெட்டு வயதில் ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. ஒரு தொழில் தன் அழுக்கைத் தானே கழுவிக்கொண்டது என்று பத்திரிகைகள் கொண்டாடின. நடிகர்கள் காசு வாங்காமலே திரும்ப வந்து நடித்துக் கொடுத்தார்கள் என்ற பேச்சும் பரவியது.

2018 ஜனவரி 7. கோல்டன் குளோப் விழா. ‘டைம்ஸ் அப்’ என்ற பெண்கள் இயக்கத்துக்கு ஆதரவாக நடிகைகள் ஏறக்குறைய எல்லோரும் கறுப்பு உடையில் வந்தார்கள். ஆண்கள் சட்டையில் சின்னம் குத்திக்கொண்டார்கள். படத்தின் நாயகி மிஷெல் வில்லியம்ஸ், ‘மீ டூ’ என்ற சொற்றொடரை முதலில் இயக்கமாக்கிய டரானா பர்க்கை விருந்தினராக அழைத்து வந்திருந்தார். இரண்டு நாள் கழித்து ‘யூஎஸ்ஏ டுடே’ நாளிதழ் அந்த மறுபடப்பிடிப்பின் கணக்கை வெளியிட்டது. மிஷெல் வில்லியம்ஸுக்கு நாளொன்றுக்கு 80 டாலர் படி, மொத்தம் 1,000 டாலருக்கும் குறைவு. உடன் நடித்த மார்க் வால்பெர்க்குக்கு அதே வேலைக்கு 15 லட்சம் டாலர்.

கேட்பவருக்குக் கோபம் வால்பெர்க் மேல்தான் முதலில் வரும். நான் உங்கள் கவனத்தை வேறு பக்கம் திருப்ப விரும்புகிறேன். இருவருக்கும் ஏஜென்சி ஒன்றே: வில்லியம் மோரிஸ் எண்டெவர். ஒரே கூரையின் கீழ் இருந்த முகவர்கள், ஒருவருக்குப் பேரம் பேசினார்கள், இன்னொருவருக்குப் பேசவில்லை. உடன் நடிப்பவர் யார் என்பதற்கு ஒப்புதல் தரும் உரிமை வால்பெர்க்கின் ஒப்பந்தத்தில் இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டுதான் இந்தத் தொகை வாங்கப்பட்டது என்று செய்தி வந்தது. மிஷெல் வில்லியம்ஸோ நல்ல காரியம் என்று நம்பி வந்துவிட்டார். ஊர் சிரித்த பிறகு வால்பெர்க் அந்த 15 லட்சத்தையும் மிஷெல் வில்லியம்ஸ் பெயரில் ‘டைம்ஸ் அப்’ நிதிக்குக் கொடுத்தார். ஏஜென்சி தன் பங்குக்கு 5 லட்சம் கொடுத்தது. பணம் போக வேண்டிய இடம் மிஷெல் வில்லியம்ஸின் வங்கிக் கணக்கு அல்லவா என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

பாலியல் அத்துமீறலைத் துடைப்பதற்காக நடந்த படப்பிடிப்பிலேயே இது நடந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். அங்கே கெட்டவர் யாரும் இல்லை. எல்லோரும் சரியான பக்கத்தில்தான் நின்றார்கள். நட்சத்திரங்களின் இரட்டை வேடம் என்று நாம் சொல்வதைத் தனிமனிதரின் குணக்கேடாகப் பார்த்தால் பாதிதான் புரியும். மேடையில் ஒன்றைச் சொல்ல அவர்களுக்குச் செலவே இல்லை. அதே ஒன்றை ஒப்பந்தத்தில் எழுதினால் உடனே செலவு. சும்மா கிடைப்பதை மனிதர்கள் தாராளமாக வழங்குவார்கள். நடிகர்களும் மனிதர்கள்தான்.

இது இன்று நேற்றுத் தொடங்கியதும் அல்ல. 1939 டிசம்பரில் ‘கான் வித் தி விண்ட்’ அட்லாண்டாவில் முதல் காட்சி கண்டது. ஜார்ஜியா மாநிலத்தில் அப்போது இனப்பிரிவினைச் சட்டம். படத்தில் வேலைக்காரி வேடத்தில் நடித்த கறுப்பின நடிகை ஹாட்டி மெக்டேனியல் விழாவுக்கு வர முடியாது. நாயகன் கிளார்க் கேபிள், அவர் வராவிட்டால் நானும் வரமாட்டேன் என்று முறைத்துக்கொண்டார் என்றும், மெக்டேனியலே அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பிவைத்தார் என்றும் சொல்வார்கள். கேபிள் போனார். கதையை இதுவரை சொல்லி கேபிளின் பெரிய மனதை மெச்சுவது வழக்கம். அவமானப்பட்டவரே ஆறுதலும் சொல்ல வேண்டியிருந்தது என்பதை மெச்சுபவர்கள் விட்டுவிடுவார்கள்.

அடுத்த பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸ் அம்பாசடர் ஓட்டலில் ஆஸ்கர் விழா. கறுப்பர்களை உள்ளே விடாத ஓட்டல். தயாரிப்பாளர் செல்ஸ்னிக் தனியாகச் சொல்லிவைத்த பிறகே மெக்டேனியலை அனுமதித்தார்கள். சக நடிகர்களோடு உட்காரவிடவில்லை; சுவரோரம் தனி மேசை. அங்கிருந்து எழுந்து போய்த்தான் சிறந்த துணை நடிகை விருதை வாங்கினார். ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பினக் கலைஞர் அவர்தான். அரங்கம் மனதாரக் கைதட்டியது. அடுத்த கறுப்பின நடிகைக்கு ஆஸ்கர் கிடைத்தது 1991-இல், ஹூப்பி கோல்ட்பெர்க்குக்கு. ஐம்பத்தோரு ஆண்டு. 1952-இல் இறந்தபோது ஹாலிவுட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட வேண்டும் என்று மெக்டேனியல் விரும்பியிருந்தார். அதுவும் வெள்ளையருக்கு மட்டும் என்று மறுத்துவிட்டார்கள்.

நடிகர் மார்லன் பிராண்டோவின் கதை இன்னும் சிக்கலானது. 1973-இல் ‘காட்ஃபாதர்’ படத்துக்கான ஆஸ்கர் விருதை அவர் மறுத்தார். அமெரிக்கப் பழங்குடியினரைத் திரைப்படங்கள் சித்திரிக்கும் விதத்தைக் கண்டித்து, சஷீன் லிட்டில்ஃபெதர் என்ற இளம்பெண்ணை மேடைக்கு அனுப்பினார். நல்ல காரியம். பிராண்டோ 1963 வாஷிங்டன் பேரணியிலும் கலந்துகொண்டவர். அவருடைய அக்கறையைப் போலி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இதே பிராண்டோ 1956-இல் ‘டீஹவுஸ் ஆஃப் தி ஆகஸ்ட் மூன்’ படத்தில் கண் இமைக்கு ஒப்பனை ஒட்டிக்கொண்டு ஒகினாவாக்காரராக நடித்தார். அந்த வேடத்துக்கு ஓர் ஆசிய நடிகரைத் தேட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. விருது மறுப்பிலும் ஒரு விஷயம் உறுத்துகிறது. மறுத்தவர் அவர், அரங்கத்தின் கூச்சலை மேடையில் நின்று வாங்கிக்கொண்டவர் அந்தப் பெண். ஆஸ்கர் வழங்கும் அகாடமி அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டது 2022-இல். சில வாரங்களில் அவர் இறந்தார். அவர் பழங்குடியினரே அல்லர் என்று சகோதரிகள் சொன்ன செய்தி பிறகு வந்து, விவாதம் வேறு திசைக்குப் போனது.

யார் யாராக நடிக்கலாம் என்பதை அந்தக் காலத்தில் எழுதியே வைத்திருந்தார்கள். ஹாலிவுட்டின் தணிக்கை விதித் தொகுப்பு கறுப்பர், வெள்ளையர் இடையே காதலைத் திரையில் காட்டக்கூடாது என்றது. நடைமுறையில் அந்தத் தடை ஆசியர் மேலும் பாய்ந்தது. சீனக் குடியானவர் குடும்பத்தைப் பற்றிய ‘தி குட் எர்த்’ படம் 1937-இல் வந்தது. நாயகன் வேடம் பால் முனி என்ற வெள்ளையருக்குப் போனதால், லாஸ் ஏஞ்சலஸில் பிறந்த சீன வம்சாவளி நடிகை அன்னா மே வாங்குக்கு மனைவி வேடம் எட்டாக்கனி ஆனது. ஒப்பனை போட்டுச் சீனப் பெண்ணாக நடித்த லூயிஸ் ரெய்னருக்கு ஆஸ்கர். வாங்குக்குக் கொடுக்க முன்வந்தது குடும்பத்தைக் கெடுக்க வரும் பெண்ணின் வேடம். அவர் மறுத்துவிட்டார்.

அதே ஆண்டுகளில் இன்னொரு நடிகை வேறு வழி கண்டுபிடித்தார். மெர்ல் ஓபரான் 1911-இல் பம்பாயில் பிறந்தவர். குடும்பத்துக்கு இலங்கை வேர் உண்டு. ஹாலிவுட்டில் அவர் சொன்ன கதை: ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பிறந்தேன், பிறப்புப் பதிவேடு தீயில் எரிந்துவிட்டது. 1936-இல் சிறந்த நடிகைக்கான பரிந்துரையும் பெற்றார். 1978-இல், சாவதற்கு ஓராண்டு முன்பு, டாஸ்மேனியத் தலைநகர் ஹோபார்ட்டில் மண்ணின் மகள் என்று வரவேற்பு வேறு வைத்தார்கள். பாவம், அன்று அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! 2023-இல் மலேசியாவின் ஈப்போவில் பிறந்த மிஷெல் யோ சிறந்த நடிகை விருதை வாங்கியபோது, ஆசியர் என்று தன்னை அடையாளப்படுத்திக்கொண்டவர்களில் முதல்வர் என்று பத்திரிகைகள் சுற்றி வளைத்து எழுதியதற்குக் காரணம் இந்த ஓபரான்தான். ஓபரான் சொன்னதும் பொய்தான். ஆனால் அந்தப் பொய்க்கு அவர் வாழ்நாள் முழுவதும் விலை கொடுத்தார். ஒரு நடிகர் உடையில் குத்திக்கொள்ளும் சின்னத்தோடு இதை ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்தத் தலைமுறைக்கு வருவோம். 2012-இல் ‘லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்’ ஆராய்ந்தபோது, ஆஸ்கர் வாக்காளர்களில் 94 விழுக்காட்டினர் வெள்ளையர், 77 விழுக்காட்டினர் ஆண்கள், இடைநிலை வயது 62 என்று தெரிந்தது. 2015, 2016 இரண்டு ஆண்டுகளிலும் நடிப்புக்கான இருபது பரிந்துரைகளும் வெள்ளையருக்கே. ஏப்ரல் ரெய்ன் என்பவர் தொடங்கிவைத்த இணையக் கண்டனம் உலகம் சுற்றியது. அப்போது அகாடமியின் தலைவராக இருந்தவர் செரில் பூன் ஐசக்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணி. தலைமை நாற்காலியில் ஒருவரை உட்காரவைப்பதால் மட்டும் எதுவும் மாறிவிடாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஒன்று சொல்ல வேண்டும்: பெண்கள், வெள்ளையரல்லாதோர் உறுப்பினர் எண்ணிக்கையை 2020-க்குள் இரட்டிப்பாக்கும் திட்டம் அவர் காலத்தில்தான் வந்தது.

2016 விழாவைத் தொகுத்து வழங்கியவர் கறுப்பின நகைச்சுவைக் கலைஞர் கிறிஸ் ராக். ஹாலிவுட்டின் நிறவெறியை அதன் முகத்துக்கு நேரே கிழித்துத் தொங்கவிட்டார். பார்த்தவர்கள் நெளிந்தார்கள். அதே நிகழ்ச்சியின் நடுவில், வாக்கு எண்ணிய கணக்காளர்கள் என்று மூன்று ஆசியக் குழந்தைகளை மேடையேற்றி, ஆசியர் என்றால் கணக்கு என்ற பழைய கேலியைச் செய்தார். இருபத்தைந்து அகாடமி உறுப்பினர்கள் கண்டனக் கடிதம் எழுதினார்கள். இயக்குநர் ஆங் லீ அவர்களில் ஒருவர். தனக்கு வலித்த இடம் தெரிந்தவர்க்கும் அடுத்தவர் வலி தெரிவதில்லை.

அதற்கு முந்தைய ஆண்டு, புது இயக்குநர்களைத் தேடும் ஒரு தொலைக்காட்சித் தொடரில் எஃபி பிரவுன் என்ற கறுப்பினத் தயாரிப்பாளர் ஒரு கேள்வி எழுப்பினார். படத்தில் கறுப்பினப் பாத்திரம் வருகிறதே, இயக்குபவரும் பலதரப்பட்டவராக இருக்க வேண்டாமா? நடிகர் மேட் டேமன் குறுக்கிட்டு, பன்மைத்துவம் நடிகர் தேர்வில் வர வேண்டிய விஷயம், திரைக்குப் பின்னால் அல்ல என்ற பொருளில் விளக்கம் சொன்னார். அந்த அறையில் இருந்த ஒரே கறுப்பின நபருக்கு, பன்மைத்துவம் என்றால் என்ன என்று பாடம். பிறகு மன்னிப்புக் கேட்டார்.

2014-இல் சோனி நிறுவனத்தின் கணினிகளை ஊடுருவியவர்கள் வெளியிட்ட மின்னஞ்சல்களை நான் இந்தத் துறை மாணவர்களுக்குப் பாடமாகவே வைப்பேன். ஸ்டுடியோ தலைவர் ஏமி பாஸ்கல், ஒபாமாவுக்காக ஏற்பாடான விருந்துக்குப் போகும் முன், ஒபாமாவிடம் என்ன பேசுவது என்று தயாரிப்பாளர் ஸ்காட் ரூடினைக் கேட்கிறார். கறுப்பினத்தவரைப் பற்றிய படங்களாக அடுக்கி, இது பிடிக்குமா அது பிடிக்குமா என்று இருவரும் கிண்டலடிக்கிறார்கள். போவது அவருக்கு ஆதரவு காட்டும் விருந்துக்கு! அதே கசிவில், ‘அமெரிக்கன் ஹசில்’ படத்து லாபப் பங்கில் ஜெனிஃபர் லாரன்ஸ், ஏமி ஆடம்ஸ் இருவருக்கும் ஆண் நடிகர்களைவிடக் குறைவு என்பதும் தெரிந்தது. ஸ்டுடியோவின் தலைவர் ஒரு பெண்.

ஏன் இப்படி என்று கேட்டால் வரும் விடை எப்போதும் மார்க்கெட். எகிப்திய, எபிரேயப் பாத்திரங்களில் வெள்ளையர்கள் நடித்த ‘எக்சோடஸ்’ படத்துக்கு ரிட்லி ஸ்காட் சொன்ன சமாதானம் இதுதான். பெயர் தெரியாத ஒரு முகமதுவை நாயகனாகப் போட்டால் இந்தப் பட்ஜெட்டுக்கு யாரும் பணம் தரமாட்டார்கள் என்றார். பெயர் தெரிய வேண்டுமென்றால் முதலில் யாராவது வாய்ப்புத் தர வேண்டும். வாய்ப்புத் தர வேண்டுமென்றால் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தச் சுழல் சம்பளத்திலும் உண்டு, அதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். போன படத்துக்கு என்ன வாங்கினார் என்பதுதான் அங்கே அடுத்த படத்துப் பேரத்தின் தொடக்கப் புள்ளி. கோடம்பாக்கத்திலும் இந்தக் கேள்வியைக் கேட்காத தயாரிப்பாளர் இல்லை. ஆசியர்களே நிறைந்த ‘கிரேசி ரிச் ஏஷியன்ஸ்’ 2018-இல் சக்கைப்போடு போட்டது. உலக வசூல் 23 கோடி டாலருக்கு மேல். பெரிய ஸ்டுடியோ இப்படி ஒரு படம் எடுத்து இருபத்தைந்து ஆண்டு ஆகியிருந்தது. பன்மைத்துவத்தின் வெற்றி என்று மேடைதோறும் முழங்கினார்கள். அடுத்த பாகத்துக்குத் திரைக்கதையாளர்கள் இருவரிடமும் பேச்சு நடந்தது. பீட்டர் கியரெல்லி, வெள்ளையர்: 8 லட்சம் டாலரிலிருந்து 10 லட்சம் வரை. அடேல் லிம், மலேசியாவில் பிறந்தவர்: 1,10,000 டாலரிலிருந்து தொடக்கம். செய்தியில் வந்த கணக்கு இது. அனுபவத்தைப் பொறுத்த தொழில் வழக்கம் என்று ஸ்டுடியோ விளக்கம் சொன்னது. லிம் தொலைக்காட்சிக்குப் பல ஆண்டுகள் எழுதியவர், சினிமாவுக்குப் புதியவர். விளக்கத்தில் பொய் இல்லை. இத்தனை காலம் சினிமாவுக்குள் விடாமல் வைத்திருந்துவிட்டு, சினிமா அனுபவம் இல்லை என்று சம்பளத்தைக் குறைப்பது மட்டும்தான் நடந்தது. கியரெல்லி தன் தொகையில் பங்கு தர முன்வந்தார். லிம் அதை ஏற்காமல் விலகினார். தன் சம்பளம் ஒரு வெள்ளையரின் பெருந்தன்மையைப் பொறுத்து அமையக்கூடாது என்பது அவர் வாதம்.

அதற்காகப் பெருந்தன்மையை நான் கேலி செய்யவில்லை. அது அபூர்வம் என்பதால் பெயர் சொல்லிப் பதிவு செய்ய வேண்டியது. ஜெசிகா சேஸ்டைன் ஒரு நகைச்சுவைப் படத்துக்கு, சக நடிகை ஆக்டேவியா ஸ்பென்சரின் சம்பளத்தைத் தன் சம்பளத்தோடு கட்டிவிட்டுப் பேரம் பேசினார். கேட்டதைப்போல ஐந்து மடங்கு கிடைத்தது என்று ஸ்பென்சரே 2018-இல் சொன்னார். சாட்விக் போஸ்மன் ‘21 பிரிட்ஜஸ்’ படத்தில் தன் சம்பளத்தில் ஒரு பகுதியை சியனா மில்லருக்கு விட்டுக்கொடுத்தார். அது வெளியே தெரிந்தது அவர் இறந்த பிறகு, மில்லர் சொல்லித்தான். எட் ஸ்கிரைன் என்ற ஆங்கிலேய நடிகர், ‘ஹெல்பாய்’ படத்தில் தனக்குக் கிடைத்த பாத்திரம் மூலக்கதையில் ஜப்பானிய வம்சாவளி என்று தெரிந்ததும் 2017-இல் விலகினார். வேடம் டேனியல் டே கிம்முக்குப் போனது. ஸ்கிரைன் பெரிய நட்சத்திரம் இல்லை. ஒரு படம் போவது அவருக்கு உண்மையான நஷ்டம்.

இவற்றுக்குப் பக்கத்தில் டாம் குரூஸை வைத்துப் பார்க்கிறேன். கோல்டன் குளோப்பை அப்போது வழங்கிவந்த பத்திரிகையாளர் சங்கத்தின் 87 உறுப்பினர்களில் ஒரு கறுப்பினத்தவர்கூட இல்லை என்று 2021-இல் தெரிந்ததும், தன் மூன்று குளோப் விருதுகளையும் திருப்பி அனுப்பினார். மூன்று கோப்பைக்கு அலமாரியில் இடம் மிச்சம். நதாலி போர்ட்மன் 2020 ஆஸ்கருக்கு, பரிந்துரை பெறாத பெண் இயக்குநர்களின் பெயர்களைத் தங்க நூலில் பின்னிய மேலங்கியோடு வந்தார். அவருடைய சொந்தத் தயாரிப்பு நிறுவனம் வாய்ப்புத் தந்த பெண் இயக்குநர், அவரைத் தவிர வேறு யார் என்று விமர்சகர்கள் கேட்டார்கள். தன்னைத் துணிச்சல்காரி என்று அழைக்க வேண்டாம், தானும் சில பெண் இயக்குநர்களோடுதான் வேலை செய்திருக்கிறேன் என்று போர்ட்மன் ஒப்புக்கொண்டார். மழுப்பாத பதில், அதற்காக அவருக்குப் பாதி மதிப்பெண்.

2018 ஆஸ்கர் மேடையில் பிரான்சஸ் மெக்டார்மண்ட் தன் பேச்சை இரண்டே சொல்லோடு முடித்தார்: இன்க்ளூஷன் ரைடர். நட்சத்திரம் தன் ஒப்பந்தத்தில், படக்குழுவிலும் நடிகர் தேர்விலும் பலதரப்பட்டோர் இருக்க வேண்டும் என்று நிபந்தனை சேர்ப்பது. மேடையையும் தாளையும் இணைக்கிற யோசனை இதுவரை இது ஒன்றுதான். நிபந்தனையை மைக்கேல் பி. ஜோர்டனின் நிறுவனம் உடனே ஏற்றது. மேட் டேமனின் நிறுவனமும் ஏற்றது, அதையும் சொல்லிவிட வேண்டும். அகாடமி 2020-இல் சிறந்த படத்துக்குத் தகுதி விதிகளை அறிவித்து 2024 விழா முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நான்கு தர அளவுகளில் இரண்டை நிறைவு செய்தால் போதும். திரையில் யார், முக்கியப் படைப்புப் பொறுப்புகளில் யார் என்பவை முதல் இரண்டு. பயிற்சி வாய்ப்பு, விளம்பரம் மற்றும் விநியோகப் பிரிவு ஊழியர் ஆகியவை மற்ற இரண்டு. கடைசி இரண்டைக் காட்டித் தகுதி பெற்றால், கேமராவுக்கு முன்னும் பின்னும் ஓர் ஆளையும் மாற்ற வேண்டியதில்லை. விதியை எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள்.

நம்மவர் பெயரும் இதில் வருகிறது, பெருமையாகவும் வேறு விதமாகவும். மனோஜ் நைட் ஷியாமளன் மாஹேயில் பிறந்தவர், தாய் தமிழர். ஆசியப் பின்னணியில் உருவான ஒரு கார்ட்டூன் தொடரை 2010-இல் ‘தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ என்று படமாக்கியபோது, நாயகச் சிறுவர்கள் வெள்ளையர். எதிரி வேடம் தேவ் பட்டேலுக்கு. ரசிகர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். நம் ரத்தம் அதிகாரத்துக்கு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு அது ஒரு நல்ல மருந்து. மிண்டி கேலிங், முழுப்பெயரில் சொக்கலிங்கம், 2019-இல் ‘நெவர் ஹேவ் ஐ எவர்’ தொடரின் நாயகிக்குப் பொது அழைப்பு விடுத்தார். விண்ணப்பித்த 15,000 பேரிலிருந்து கிடைத்தவர், கனடாவில் பிறந்த ஈழத்தமிழ்ப் பெண் மைத்ரேயி ராமகிருஷ்ணன். அதற்கு முன் அவருக்குத் திரை அனுபவமே கிடையாது. போன படத்துக்கு என்ன வாங்கினார் என்ற கேள்வியை ஒருவர் ஒதுக்கிவைத்ததால் நடந்தது அது.

2025 தொடக்கத்தில் அமெரிக்க ஆட்சி மாறியதும், பாரமவுண்ட் நிறுவனம் பணியமர்த்தலில் வைத்திருந்த எண்ணிக்கை இலக்குகளைக் கைவிட்டது. டிஸ்னியும் தன் பன்மைத்துவத் திட்டங்களின் பெயரையும் சொல்லையும் மாற்றிக்கொண்டது. அதற்கு ஐந்தாண்டுக்கு முன் இதே நிறுவனங்கள் உறுதிமொழி அறிக்கைகளைப் போட்டிபோட்டு வெளியிட்டன. திரும்பப் பெற்றதற்கு ஒரு சுற்றறிக்கை போதுமாக இருந்தது, ஏனென்றால் எந்தக் கலைஞரின் கையெழுத்தும் அவற்றில் இல்லை. கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் ஒரு வரியை நீக்க வேண்டுமென்றால் எதிர்த்தரப்பு வழக்கறிஞரைக் கூப்பிட்டாக வேண்டும்.

கேள்விகளுக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருப்பதாகச் சொன்னார்கள். கோடம்பாக்கத்தைப் பற்றி யாராவது கேட்பீர்கள் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருக்கிறேன். தொடங்கலாம்.